ஆள் இல்லாத மேடு

காற்றாலைக்கு இடம் பார்ப்பது அவள் வேலை. அலுவலகத்தில் 'காத்துக்காரி' என்றே பெயர் விழுந்துவிட்டது. ஒரு மேட்டில் கம்பம் நட்டு ஆண்டு முழுக்கக் காற்றை அளக்க வேண்டும். அதுவரை பக்கத்து ஊரில் வாடகை அறை, ஒரு மின்னடுப்பு, ஞாயிற்றுக்கிழமை அண்ணனின் போன்.

"எப்பத்தான் ஒரு இடத்துல உக்காருவ?" என்பான் அண்ணன்.

"அதுக்குத்தானே இடம் பாத்துக்கிட்டிருக்கேன்" என்று சிரித்து மழுப்புவாள். போனை வைத்ததும் அறை இன்னும் கொஞ்சம் பெரிதாகிவிடும்.

அந்த மேட்டில் காற்று கொட்டிக் கிடந்தது. சாலையும் மின்கம்பியும் பக்கத்திலேயே இருந்தன. பறவைக் கூட்டம் போகும் வழியும் அதுவல்ல. மேலாளர் பழம் நழுவிப் பாலில் விழுந்தது போல் மகிழ்ந்தார். வரைபடத்தில் சரிவில் ஒரே ஒரு வீடு மட்டும் இடித்தது.

"பாழடைஞ்ச வீடா இருக்கும். ஒரு எட்டு பாத்துட்டு வந்துடுங்க" என்றார்.

கதவைத் திறந்தவர் ஓய்வுபெற்ற லாரி டிரைவர். மனைவி போனபின் தனிக்கட்டை. அவளை உட்காரவைத்து டீ கொடுத்தார். சேர்த்துவைத்த பேச்சையெல்லாம் மடை திறந்தாற்போல் கொட்டினார். அவள் வந்த காரியத்தைச் சொன்னதும் முகம் மலர்ந்தது.

"காத்தாடி வந்தா ஆளுங்க வருவாங்கல்ல?"

"கட்டுற வரைக்கும் வருவாங்க ஐயா. ஆனா வீடு இவ்வளவு கிட்ட இருந்தா வைக்கக்கூடாது. ராப்பகலா சத்தம் கேக்கும்."

"கேக்கட்டுமேம்மா. இங்க என் இருமலை விட்டா என்ன சத்தம் இருக்கு? ஆளே இல்லைன்னு எழுதிடு. நான் வாயத் திறக்க மாட்டேன்."

எழுதிவிட்டால் மேலாளர் தலையில் தூக்கிவைத்து ஆடுவார். இவருக்கும் கொஞ்ச நாள் கலகலப்பு.

"இருக்கிற ஆளை எப்படிங்க ஐயா இல்லைன்னு எழுதுறது?"

வீட்டில் ஆள் குடியிருப்பதாகவே அறிக்கை கொடுத்தாள். மேலாளர் வெகுநாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. கம்பத்தைக் கழற்றிய அன்று டிரைவர், அதை ஏற்றிய லாரிக்குப் பின்னால் நின்று, "ரைட்டுல ஒடி... போதும், போதும்" என்று கை காட்டி அனுப்பிவைத்தார்.

வேறு மேடு, வேறு அறை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் போனை வைத்ததும், டிரைவர் கொடுத்திருந்த எண்ணை அழைத்தாள். மணி வெகுநேரம் அடித்தது.

"ராங் நம்பருங்க" என்றார் எடுத்த எடுப்பிலேயே.

"ராங் நம்பர் இல்ல ஐயா, நான்தான். காத்துக்காரி."

மறுமுனையில் நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. பிறகு ஆரம்பித்தார். அன்று அவள் அடுப்பில் வைத்த சோறு அடிப்பிடித்துப் போயிற்று.