பாதி நேரம் தமிழ்

பல் லேபில் மெழுகு உருக்கி, செயற்கைப் பல்வரிசை செய்கிறவள் அவள். அவள் கைபட்ட பல்லை மாட்டிக்கொண்டவர்கள் ஊரெல்லாம் வாய்விட்டுச் சிரித்துத் திரிந்தார்கள். அவளுக்குத்தான் அது கொடுத்துவைக்கவில்லை.

புருஷன் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து தனக்கென்று இருக்கும் தனி பிரேக்கை மிதித்தே பழகிய கால். வீட்டிலும் அதே பிழைப்புதான். யாரோடு பேசினாய், எதற்குச் சிரித்தாய் என்பான். பதில் வரக் கொஞ்சம் தாமதமானால் கை நீளும்.

இந்த நிலையில் வெளிநாட்டு லேப் ஒன்று அவளை வேலைக்கு அழைத்தது. அந்த நாட்டு மொழியில் பேச்சுத் தேர்வில் தேறினால் போதும். சம்பளத்தைக் கேட்டதும் மாஸ்டருக்கு வாயெல்லாம் பல். "நீ முதல்ல போ, பின்னாடியே நானும் வந்துடறேன்" என்றான்.

பேசிப் பழக இணையத்தில் ஒருத்தி கிடைத்தாள். அந்த நாட்டுக்காரி, நீச்சல் சொல்லிக்கொடுப்பவள். அவளைக் கட்டிக்கப்போகிறவனின் அம்மாவுக்குத் தமிழ் தவிர வேறெதுவும் வராதாம். ஆகவே பாதி நேரம் அவள் மொழி, பாதி நேரம் தமிழ் என்று ஏற்பாடு. "பொம்பளைதானே, பேசு" என்று மாஸ்டர் பெரிய மனது பண்ணினான். ஆனால் காதில் எதையும் மாட்டக்கூடாது, ஸ்பீக்கரில்தான் பேச வேண்டும். அவனும் கேமராவில் விழாமல் மேஜையோரம் உட்கார்ந்துகொள்வான். இதைத் தோழியிடம் சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது. சொல்லவில்லை.

அந்த மொழியில் அவனுக்கு ஒரு வார்த்தை தெரியாது. அதைப் போன்ற சுதந்திரம் அவளுக்கு வாழ்க்கையில் வாய்த்ததே இல்லை. அவன் ஆரஞ்சை உரித்து உரித்துத் தட்டில் வைக்க, அதைத் தின்றபடியே, முகம் மாறாமல், அவன் அடிப்பதையெல்லாம் சொன்னாள். அங்கே வந்ததும் அவனைக் கூப்பிட மாட்டேன் என்றாள். தோழி மூக்கை உறிஞ்சினாள்.

"ஏன் அழுதுச்சு அந்தப் பொண்ணு?" என்று பிறகு கேட்டான்.

"அவங்க பூனை செத்துப்போச்சாங்க."

"ச்ச, பாவம்."

தேர்வு நெருங்கிய ஒரு நாள், தமிழ் நேரம் வந்ததும் தோழி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அக்கா, ஒரு வாரமா எழுதிப் பழகினேன். இன்னைக்குப் பாக்காமப் பேசப்போறேன்."

பேசினாள். சொல்லுக்குச் சொல் நிறுத்தி, பிசிறில்லாமல். "எனக்கு ஒரு அக்கா இருக்காங்க. அக்காவை அவங்க புருஷன் அடிப்பாரு. அக்கா இங்க வேலைக்கு வருவாங்க. அவரைக் கூப்பிட மாட்டாங்க."

இவள் அவசரமாகக் குறுக்கிட்டாள். "சத்தம் விட்டுவிட்டு வருது, அப்புறம் பேசலாம்" என்று லேப்டாப்பை மூடப் போனாள். மேஜைக்கடியில் அவன் கால் அவள் பாதத்தின் மேல் ஏறி அழுத்தியது. நீட்டிய கை அப்படியே நின்றது.

"இப்பக் கேக்குதாக்கா? எங்க வீட்ல அக்காவுக்கு ரூம் ரெடி பண்ணிட்டேன். இங்க அக்காவை யாரும் அடிக்க மாட்டாங்க." முடித்துவிட்டுக் குழந்தை மாதிரி சிரித்தாள். "தப்பு இருந்தா சொல்லுங்கக்கா."

கால் இன்னும் அழுத்தியது.

"ஒரு தப்பும் இல்ல" என்றாள். "நல்லாப் பேசற."

பேச்சுத் தேர்வு நாளன்று அவள் உதட்டில் தையல் போட்டிருந்தது. வேலைக்கு அந்த லேப் வேறு யாரையோ எடுத்துக்கொண்டது.

நீச்சல்காரிக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. மாமியார் மெச்சும் மருமகளாம். இன்னும் தமிழில் செய்தி அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறாள். "அவரு இப்ப ரொம்ப மாறிட்டாரும்மா, அடிக்கறதே இல்ல. நான் இங்கயே இருந்துடறேன்" என்று பதில் போகிறது. அகராதி இல்லாமலே புரிகிறதே என்று தோழிக்கு ஒரே சந்தோஷம். தோழி எழுதுவதில் பிழை இருந்தால் மாஸ்டர் பொறுமையாகத் திருத்தி அனுப்புகிறான்.