கண்வலிப்பூ பார்க்க உச்சிப்புளிக்குப் போனது

கார்த்திகை மாதம் முதல் வெள்ளிக்கிழமை. காலை ஆறரை மணிக்கு அபிராமத்தில் பஸ் ஏறினோம், நானும் என் நாத்தனார் மகளைக் கட்டிய மாப்பிள்ளையும். அவர் மதுரையில் ஒரு காலேஜில் செடிகொடிப் பாடம் சொல்லிக்கொடுக்கிற வாத்தியார். தடித்த கண்ணாடி போட்டவர். மரியாதை தெரிந்த பிள்ளைதான், ஆனால் எங்கள் ஊரைப் பற்றித் தெரியாமல் பேசிவிட்டார்.

முந்தின நாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "அத்தை, கண்வலிப்பூன்னு ஒண்ணு உண்டே, புத்தகத்துல செங்காந்தள்னு போட்டிருக்கும், அது இந்தச் சீமையில அருகிப்போச்சு. கிழங்கை மருந்துக்குன்னு மூட்டை மூட்டையாத் தோண்டி ஏத்துறாங்க. இன்னும் கொஞ்ச வருசத்துல காட்டுல பாக்கவே முடியாது."

எனக்குச் சுருக்கென்றது. நான் பிறந்த ஊர் உச்சிப்புளிக்குத் தெற்கே இரண்டு மைல், கடலுக்குப் போகிற வழி. எங்கள் அய்யனார் காட்டில் ஒரு குச்சியை ஒடித்தாலும் தெய்வக் குற்றம். காய்ந்து விழுந்த விறகை மட்டும் பொறுக்கலாம். அந்தக் காட்டில் கார்த்திகை பிறந்தால் கண்வலிப்பூ தரை தெரியாமல் கிடக்கும்.

"எங்க ஊருக்கு வந்து பாத்துட்டு அப்புறம் அருகிப்போச்சுன்னு சொல்லுங்க மாப்பிள்ளை" என்றேன்.

"எப்பப் போகலாம்?" என்றார். அப்படித்தான் புறப்பட்டோம்.

பரமக்குடிக்குப் பதினைந்து மைல். முதல் நாள் பெய்த மழையில் ரோடு குழம்பாகிக் கிடந்ததால் ஒன்றரை மணி நேரம் பிடித்தது. ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு கடையில் இட்லி சாப்பிட்டோம். இட்லி ஓரணா என்றுதான் நான் சொல்வேன், கடைக்காரர் ஆறு நயா பைசா என்றார். சாம்பார் தண்ணீர். ஒன்பதரைக்கு வரவேண்டிய பாசஞ்சர் வண்டி பத்தேகாலுக்கு வந்தது.

ராமநாதபுரத்தில் மண்டபம் போகிற ஒரு மரைக்காயர் வீட்டு அம்மா ஏறி, எனக்கு எதிரே உட்கார்ந்தது. தூக்குச் சட்டியைத் திறந்து ஆளுக்கு ஒரு துண்டு தொதல் கொடுத்தது. கறுப்பாகப் பளபளவென்று, வாயில் போட்டால் ஒட்டிக்கொள்கிற மிட்டாய். மாப்பிள்ளை என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டது. பூவையும் இலையையும் பார்த்து எழுதுகிற வேலை என்றேன்.

"யா அல்லா, பூவைப் பாக்குறதுக்குச் சம்பளம் தாராங்களா?"

"தாராங்க" என்றார் மாப்பிள்ளை, தொதல் அடைத்த வாயோடு.

"அப்ப கடலைப் பாக்குறதுக்கு எங்க ஊட்டு ஆம்பளைகளுக்கு எவ்வளவு தரணும்? பொழுதன்னைக்கும் அதைத்தான் பாக்குறாக." பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க பாத்திருக்கீங்களாக்கா, அந்தப் பூவை?" என்று கேட்டது.

"அதைப் பாக்கக் கூடாதுல்ல" என்றேன்.

மாப்பிள்ளை தொதலை விழுங்கிவிட்டு என்னைப் பார்த்தார். "அத்தை, பாக்காமலா தரை தெரியாமக் கிடக்கும்னு சொன்னீங்க?"

"பாத்தா கண்ணு நோவு வரும். எங்க ஊர்ல ஒருத்தரும் பாக்கமாட்டாங்க. நான் பிறந்ததுலேருந்து பாத்ததில்ல. பாக்காத எனக்கே அது அங்க இருக்குன்னு தெரியுதே, எவ்வளவு இருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கங்க."

அவர் அதற்கப்புறம் உச்சிப்புளி வரைக்கும் ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டு வந்தார். வழிநெடுகப் பனை, மணல், தேங்கி நின்ற மழைத் தண்ணீர். பார்க்க ஒன்றுமில்லை.

பகல் பன்னிரண்டு மணிக்கு இறங்கி நடந்தோம். ஊருக்குப் போகிற பாதை அய்யனார் காட்டுக்கு உள்ளேதான் போகிறது. பெரிய காடு இல்லை. பாலை மரம், குருந்து, உகாய், இடையில் முள். ஆனால் உள்ளே நுழைந்ததும் வெயில் நின்றுபோகும். பெரிய பாலை மரத்துத் திருப்பத்தில் வந்ததும் எங்கள் ஊர்ப் பெண்கள் முந்தானையால் முகத்தின் வலதுபக்கத்தை மறைத்துக்கொள்வார்கள். ஆண்கள் துண்டை அப்படிப் போட்டுக்கொள்வார்கள். நானும் மறைத்துக்கொண்டு, "வலதுகைப் பக்கம் மாப்பிள்ளை. நல்லாப் பாத்துக்கங்க" என்றேன்.

அவர் செருப்புச் சத்தம் பாதையை விட்டு இறங்கியது.

"அத்தை, குழிதான் இருக்கு."

"நல்லாப் பாருங்க. சிவப்பா இருக்கும்."

"நல்லாத்தான் பாக்குறேன். தோண்டித் தோண்டிப் போட்டிருக்கு. ஒரு கொடிகூட இல்ல."

முந்தானைக்குள்ளே எனக்கு வேர்த்துவிட்டது. எடுத்துப் பார்க்கவும் பயம், பார்க்காமல் நம்பவும் மனசில்லை. ஊருக்கு நடையைக் கட்டினேன்.

என் தம்பி பொன்னையாதான் அந்தக் கோயிலுக்குப் பொறுப்பு. நாங்கள் போனபோது வாசலில் கயிறு திரித்துக்கொண்டிருந்தான். வா என்று கேட்பதற்குள் நான் கேட்டுவிட்டேன், காட்டில் என்ன குழி என்று.

"அதுவாக்கா. கெழங்கு யாவாரி ஒருத்தன் போன வருசத்துலேருந்து வாரான். கண்வலிக் கெழங்கைத் தோண்டிக்கிறேன், பதிலுக்குக் கோயிலுக்கு வெள்ளையடிச்சுத் தாரேன்னான். கண்ணைக் கெடுக்குற சனியனை அவனா எடுத்துட்டுப் போறேங்கான், வேணாம்னா சொல்லுவாங்க? மரத்தை வெட்டுனாத்தானே குத்தம்."

"எவ்வளவு எடுத்தான்?"

"அதை யாரு பாத்தா? மண்குதிரைக்குப் பின்னால மட்டும் பாக்கி இருக்குன்னு அவன்தான் சொன்னான். நாளைக்கு வந்து எடுத்துட்டு, கோயில் பின்செவுத்துக்கும் அடிச்சுட்டுப் போயிருவான்."

வரும்போது கோயிலைப் பார்த்திருந்தேன். முன்பக்கம் முட்டை மாதிரி வெள்ளை, பின்பக்கம் கரிச்சட்டி.

மாப்பிள்ளை நிதானமாக எடுத்துச் சொன்னார். குதிரைக்குப் பின்னால் இருப்பதும் போனால் இந்தக் காட்டில் விதைக்குக்கூட அது மிஞ்சாது, அந்தப் பூவைப் பார்த்தால் கண்ணுக்கு ஒன்றும் ஆகாது, கிழங்கைத் தின்றால்தான் விஷம், தான் எத்தனையோ தடவை பார்த்திருப்பதாகச் சொன்னார். பொன்னையா அவர் முகத்தையே உற்றுப் பார்த்தான்.

"மாப்பிள்ளை தப்பா நினைக்கக் கூடாது. பாத்துப் பாத்துத்தானே இம்புட்டுக் கனத்துல கண்ணாடி போட்டிருக்கீங்க?"

பொன்னையாவின் பெண்சாதி ராக்கு அடுப்படிக்குள் திரும்பிக்கொண்டு சிரித்தாள். மாப்பிள்ளை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது இன்னும் மோசம். கழற்றியதும் எதிரே இருந்த ஆட்டுக்குட்டியைப் பார்த்து, "உக்காருங்க" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் ஊர்க் காட்டைப் பற்றி நான் பேசிய பேச்செல்லாம் நாளைக்கு ஒருவன் மண்வெட்டியில் போகப்போகிறது. "நான் பாக்குறேன்டா" என்றேன். "எனக்குக் கண்ணாடி கெடையாது. இந்த வயசுல ஊசியில நூல் கோக்குறேன். இன்னைக்குப் பாத்துட்டு, நாளைக்குக் காலையில என் கண்ணு வெள்ளையா இருந்தா அந்த யாவாரியைத் திருப்பி அனுப்பணும்."

"செவந்திருந்தா?"

"தோண்டட்டும்."

சாயங்காலம் நாலு மணிக்குப் போனோம். பொன்னையா, ராக்கு, பக்கத்து வீட்டுப் பேச்சி, இன்னும் நாலைந்து பெண்கள். எல்லாரும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். நான் மட்டும் மண்குதிரையைச் சுற்றிக்கொண்டு போய் முந்தானையை இறக்கினேன்.

பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். அது மற்றப் பூ மாதிரி விரிந்து கிடப்பதில்லை. இதழெல்லாம் பின்னால் மடங்கி, விறகடுப்பில் நெருப்பு எழும்புகிற மாதிரி மேலே பார்த்து நிற்கிறது. அடியில் மஞ்சள், நுனியில் சிவப்பு. இலை நுனி தேள் கொடுக்கு மாதிரி சுருண்டு பக்கத்துச் செடியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பிடிப்பு இல்லாமல் நிற்காது போலிருக்கிறது. இதற்கா இத்தனை வருஷம் முகத்தைத் திருப்பினேன் என்று இருந்தது. வேண்டுமென்றே கண்ணைச் சிமிட்டாமல் பார்த்தேன்.

"போதும் அத்தை" என்றார் மாப்பிள்ளை.

"சும்மா இருங்க. பாக்குறதை ஒழுங்காப் பாத்துட்டு வாரேன்."

திரும்பி வந்தபோது ராக்கு மீன் குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள். கார்த்திகை மழையில் நனைந்த விறகு. புகை என்றால் புகை, அடுப்படியில் ஆள் முகம் தெரியவில்லை. விருந்தாளி மாதிரி வெளியே உட்கார எனக்குப் பழக்கமில்லை, நானும் ஊதினேன். சாப்பிடும்போது கண் கரித்தது. அப்போதுதான் பந்தயம் நினைவுக்கு வந்தது. குளிர்ந்த தண்ணீர் விட்டுக் கழுவினேன். கசக்கக் கூடாது என்று நினைக்க நினைக்கக் கை அங்கேதான் போனது. மாப்பிள்ளையிடம் மெதுவாகக் காட்டினேன். "கொஞ்சம் செவந்திருக்கு" என்றார். கொஞ்சம் என்பதை அவர் சொன்ன விதத்திலேயே தெரிந்துவிட்டது.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கிணற்றடியில் கூட்டம். முந்தின நாள் வந்தவர்களோடு, வராதவர்களும் வந்திருந்தார்கள். முகத்தைக் கழுவுகிற சாக்கில் நான் எவ்வளவு நேரம்தான் தண்ணீரை அடித்துக்கொண்டிருப்பது? நிமிர்ந்தேன்.

"செவந்திருக்குக்கா" என்றான் பொன்னையா. சந்தோஷமாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னான். அது எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

பேச்சி என்னைப் பார்த்தாள், அப்புறம் ராக்குவைப் பார்த்தாள். "ராக்கு கண்ணும்ல செவந்திருக்கு. இவளுக்கு ஒரு பங்கு கூடவே."

"அடுப்புப் பொகை" என்றாள் ராக்கு.

"அப்ப எனக்கும் பொகைதான்" என்றேன்.

பொன்னையா தலையைச் சொறிந்தான். "அவ பாக்கல, அதனால அவளுக்குப் பொகை. நீ பாத்த, அதனால உனக்குப் பூ. பேச்சுன்னா பேச்சுதான்க்கா."

ராக்கு குடத்தை இடுப்பிலிருந்து இறக்கிக் கீழே வைத்தாள்.

"நான் வாக்கப்பட்டு வந்த வருசத்துலேருந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். எங்க ஊர்ல அதைப் பாக்கக் கூடாதுன்னு யாரும் சொன்னதில்ல. இத்தனை வருசத்துல வராத கண்ணு நோவா இன்னைக்கு வந்துருச்சு? பொகைதான். மதினிக்கும் பொகைதான்."

பொன்னையா அவளைப் புதுப் பெண்ணைப் பார்க்கிற மாதிரி பார்த்தான்.

"அடி பாவி" என்றாள் பேச்சி. "பாத்தவ ஒரு வார்த்தை சொல்லப்படாதா? போன வருசமே பாலை மரத்துக் கெழக்க முழுசும் காலியாயிருச்சு."

"அது உனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் ராக்கு.

பேச்சி முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் நின்ற ஒருத்தி, விறகு பொறுக்கும்போது தெரியாமல் கண்ணில் பட்டுவிட்டது என்றாள். இன்னொருத்தி, தனக்கும் அப்படித்தான், வருஷா வருஷம் தெரியாமல் பட்டுக்கொண்டிருக்கிறது என்றாள். ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். எங்கே எவ்வளவு கிடந்தது, எது எப்போது போனது, எல்லாம் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. போய்விட்டது என்று சொன்னால், பார்த்தாய் என்று ஆகிவிடும். அதனால் ஊரே வாயை மூடிக்கொண்டு குழிகளைத் தாண்டி நடந்திருக்கிறது.

"பொம்பளைகளை நம்பிக் காட்டை விட்டா இப்படித்தான்" என்று பொன்னையா சத்தம் போட்டான். "எங்க அய்யா காலத்துல கோயில் வாசல் வரைக்கும் செவசெவன்னு கிடந்ததை..." அங்கேயே நிறுத்திவிட்டான்.

மாப்பிள்ளை இருமினார். ராக்கு குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். "வாங்க, யாவாரியை மரியாதையாத் திருப்பி அனுப்ப வெத்தலை பாக்கு வாங்கி வைப்போம்" என்றாள், புருஷனைப் பார்த்து.

ஒன்பது மணிக்குக் கிழங்கு வியாபாரி மாட்டு வண்டியில் வந்தான். ஒரு பக்கம் மண்வெட்டி, ஒரு பக்கம் சுண்ணாம்பு டின். நல்ல மாதிரியாகத்தான் பேசினான். "களையைத்தான அய்யா எடுக்குறேன், பின்செவுரு கறுப்பா நிக்கிதே" என்றான். குதிரைக்குப் பின்னால் வந்தபோது அங்கே பெண்கள் எல்லாரும் நின்று, மறைக்காத முகத்தோடு பூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பொன்னையா தொண்டையைச் செருமிக்கொண்டு, "கறுப்பாவே இருக்கட்டும்ப்பா" என்றான்.

வண்டி போனபிறகு மாப்பிள்ளை கொடிகளை எண்ண உட்கார்ந்தார். எண்ணவிட்டால்தானே. பேச்சி ஒரு கணக்கு, ராக்கு ஒரு கணக்கு, ஒரே கொடி இரண்டு மரத்தில் ஏறியதை ஒன்று என்பதா இரண்டு என்பதா என்று சண்டை. கடைசியில் அவர், எண்ணிக்கை எப்படியானாலும் சொற்பம்தான், காய் வெடித்து விதை விழுகிறவரை யாரும் கைவைக்கவேண்டாம், குழியெல்லாம் நிறையப் பல வருஷம் ஆகும் என்றார். விறகுக்குப் போகிறவர்கள் இனி அந்தப் பக்கம் பார்த்துவிட்டுத்தான் வரவேண்டும், பார்க்காமல் வந்தால் கேள்வி உண்டு என்று பேச்சி சட்டம் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பகல் வண்டிக்குப் புறப்பட்டோம். வழியில் மாப்பிள்ளை, "நீங்க சொன்னது பாதி நிஜம் அத்தை, தரை தெரியாமத்தான் கிடந்திருக்கு" என்றார். பெருந்தன்மையாகச் சொன்னார், அதனால் மீதிப் பாதியைப் பற்றி நானும் பேசவில்லை. நான் வாழ்க்கைப்பட்ட அபிராமத்தில் மிளகாய்க் காடும் சோளக் காடும்தான். எதையும் நேராகப் பார்க்கலாம், பார்த்ததைச் சொல்லலாம். அந்த ஒரு வசதியை அங்கே இருக்கும்போது நான் நினைத்ததில்லை.

ரயில் ராமநாதபுரம் தாண்டுகிறவரை எனக்குக் கோபம்தான். ஊர் முழுக்கப் பார்த்திருக்கிறது, சொன்னதைக் கேட்டு நடந்த நான் ஒருத்திதான் பார்க்காதவள். பிறகு ஒன்று நினைவுக்கு வந்தது. சின்னப் பிள்ளையில் அந்தத் திருப்பம் வந்ததும் அம்மா எனக்குப் பின்னால் வந்து இரண்டு கையாலும் என் கண்ணைப் பொத்திக்கொள்வாள். அப்படியே என்னை முன்னால் விட்டு நடத்திக்கொண்டு போவாள். மெதுவாகத்தான் போவாள். முள்ளில் ஒரு நாளும் என்னை விட்டதில்லை.

இரண்டு கையும் என் கண்ணில் இருந்தால் அவள் கண்ணை எது மூடியிருக்கும்?