மூப்பர் ஆகாத மெக்கானிக்

அந்த லிப்ட் மெக்கானிக்கைச் சபையில் எல்லாருக்கும் பிடிக்கும். வெள்ளிக்கிழமை தவறாமல் உபவாசம், ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் வருவதற்கு முன்பே வந்து நாற்காலி போடுவது, ஜெபத்தில் தாரை தாரையாகக் கண்ணீர். "என்ன பக்தி, என்ன பக்தி!" என்று பெண்கள் மாய்ந்துபோவார்கள். பக்தியாவது மண்ணாவது! ஆள் ஒன்பது வருடமாகப் பயத்தில் செத்துக்கொண்டிருந்தார். போன் அடித்தால் கம்பெனியோ போலீசோ என்று எடுக்கத் தயங்குவார். பிரசங்கத்தில் நரகம் என்ற வார்த்தை வந்தால் ஓடிப்போய் முன்வரிசையில் மண்டியிடுவார். அந்தப் பயத்தைத்தான் சபை மெச்சியது.

நடந்தது இதுதான். எல்லா மாடியிலும் கதவு மூடியிருந்தால்தான் லிப்ட் நகரும். கதவைப் பழுது பார்க்கும்போது மட்டும், கதவு மூடியிருப்பதாக லிப்ட் நம்புவதற்காக ஒரு துண்டு வயரை மாட்டுவார்கள். அதற்கு ஜம்பர் என்று பெயர். வேலை முடிந்ததும் அதைக் கழற்றியாக வேண்டும். மறந்தால், கதவு திறந்திருக்கும்போதே லிப்ட் கிளம்பிவிடும்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒருநாள் ஜம்பரை மாட்டியது அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி. இரண்டு பேரும் ஒரே கம்பெனி. மச்சினன் வேலையை முடித்து, வயரைக் கழற்றி, கையெழுத்தும் போட்டுவிட்டுக் கீழே போனான். இவருக்குத்தான் பெரிய மேஸ்திரி என்ற நினைப்பு. இன்னொரு தடவை பார்த்துவிடலாமே என்று மறுபடி மாட்டினார். அந்த நேரம் பார்த்து ஆபீசிலிருந்து போன் வந்தது. பேசிக்கொண்டே வயர் இருந்த பெட்டியை அப்படியே மூடினார், போய்விட்டார். அரை மணி நேரத்தில், துடைக்கிற வாளியோடு உள்ளே ஒரு காலை வைத்த துப்புரவுக்கார அம்மா, லிப்ட் கிளம்பியதில் வெளியே ஒரு காலோடு மாட்டிக்கொண்டாள். வலது பாதம் போனது.

விசாரணையில் மச்சினனைக் கேட்டார்கள். "கழட்டினேன்னுதான் நெனச்சேன்... கழட்டலையோ என்னவோ," என்றான் அந்த அப்பாவி. பக்கத்தில் நின்ற இவர் வாயைத் திறக்கவில்லை. அவனுக்கு வேலை போயிற்று.

இதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. அடுத்த மாதமே இவர் சபையில் எழுந்து நின்று, பெரிய விபத்திலிருந்து ஆண்டவர் தன்னைக் காப்பாற்றினார் என்று சாட்சி சொன்னார். சபை கைதட்டியது. அந்த அம்மா அப்போது ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

ஒரு தடவை பாஸ்டரிடம் சுற்றி வளைத்துக் கேட்டார்: "ஒருத்தன் பெரிய தப்பு பண்ணிட்டா?" பாஸ்டருக்கு என்ன தப்பு, யார் தப்பு ஒன்றும் தெரியாது. "எல்லாம் சிலுவையில முடிஞ்சுபோச்சு பிரதர்," என்றார். இவருக்கு அது போதுமாக இருந்தது. அந்தச் சிலுவையையும் கொண்டுபோய் ஜம்பர் மாதிரி மனசாட்சியில் மாட்டிக்கொண்டார். உள்ளே கதவு ஆவென்று திறந்துகிடந்தது.

போன சனிக்கிழமைக் காலை. மறுநாள் இவரைச் சபை மூப்பராக ஏற்படுத்தப்போகிறார்கள். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை கதவில் தொங்கியது. "நல்ல நாள் வருது, மனசுல கசப்பு இருக்கக்கூடாது," என்று மனைவி, அந்த விபத்தின் அவமானத்தில் ஒன்பது வருடமாகப் பேசாத தம்பியை வீட்டுக்கு வரச் சொல்லிவிட்டாள். புருஷனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மச்சினன் வந்தான். நாற்பது வயதுக்கு ஐம்பது சொல்லலாம். லாரியில் மூட்டை ஏற்றுகிற வேலை; தோள் ஒருபக்கம் இறங்கியிருந்தது. உட்காராமல் நின்றான்.

"ஏசு என்னை மன்னிச்சாரு. அதனால நானும் உன்னை மன்னிக்கிறேன்டா," என்றாள் அக்கா, பெருந்தன்மையாக.

அவன் குலுங்கிக் குலுங்கி அழுதான். "மாசாமாசம் அந்தம்மா வீட்டுக்குப் போறேன்க்கா. தண்ணி புடிச்சு வெக்கறேன், மருந்து வாங்கித் தர்றேன். என்ன செஞ்சும் என் பாவம் போகல. மாமா, உங்களுக்கும் என்னால எவ்ளோ அவமானம்! மன்னிச்சிருங்க." சொல்லிக்கொண்டே இவர் காலைத் தொடக் குனிந்தான்.

தன் குற்றத்தைச் சுமந்து ஒருவர் மரித்தார் என்று ஒன்பது வருடம் தொண்டை கிழியப் பாடிய மனிதர், தன் குற்றத்தைச் சுமந்துகொண்டு நடுவீட்டில் குனிகிறவனை அப்போதுதான் கண்ணால் பார்த்தார்.

"தொடாதடா!" என்று கத்தினார். "கழட்டினடா நீ! நான்தான் திரும்ப மாட்டினேன். நான்தான்!"

மச்சினன் மெதுவாக நிமிர்ந்தான். அவன் விட்ட அறையில் இவர் கண்ணாடி பறந்து அடுப்படியில் விழுந்தது.

"ஒம்பது வருஷம்! ஒம்பது வருஷம் நான் மனுஷனாவே இல்ல! எனக்கு நானே கொலைகாரன் மாதிரி இருந்தேன். நீ மேடையில நின்னு சாட்சி சொன்ன!" மாமா போய் நீ வந்துவிட்டது. நியாயமும் அதுதான்.

அக்கா அந்த வெள்ளைச் சட்டையை இழுத்துத் தரையில் எறிந்தாள். "தெனமும் என் தம்பிக்காக ஜெபம் பண்ணேன். பக்கத்துல உக்காந்து ஆமென் சொன்னீங்களே, உங்க நாக்கு அழுகல?"

இவர் பூசி மெழுகவில்லை. இயேசு பாவத்தை மன்னிப்பவர் என்பது சத்தியம்தான். ஆனால் மன்னிக்க வேண்டிய பாவத்தை இவர் ஒருநாளும் அவர் முன்னால் வைத்ததே கிடையாது. உபவாசத்தை வைத்தார், கண்ணீரை வைத்தார், நாற்காலி போட்டார். அன்றைக்குத்தான் வைத்தார், அறை வாங்கிய கன்னத்தோடு.

"நட," என்றான் மச்சினன். "அந்தம்மாகிட்ட வந்து சொல்லு."

மூன்று பேரும் போனார்கள். தரைத்தள ஒற்றை அறை. வாசலில் உட்கார்ந்து அந்த அம்மா சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். இவர் நின்றபடியே சொன்னார். போன் வந்ததைச் சொன்னார், விசாரணையில் வாயை மூடிக்கொண்டதைச் சொன்னார், சாட்சி சொன்னதையும் சொன்னார்.

அவள் ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். "மன்னிப்பு கேக்க வந்தியா?"

"ஆமாம்மா."

"குடுக்க மாட்டேன். போ."

பிறகு மச்சினனின் கையைப் பிடித்தாள். "நீ தண்ணி தூக்கிட்டு வரும்போதெல்லாம் உள்ளுக்குள்ள உன்னை சபிச்சேன் தம்பி. நாசமாப் போன்னு சபிச்சேன். நீ என்னை மன்னிச்சிரு." இரண்டு பேரும் அழுதார்கள். தனக்கு அங்கே இடமில்லை என்று இவர் தெருவுக்கு வந்தார்.

மனைவி பின்னாலேயே வந்தாள். "அதான் மன்னிக்கலையே. இப்ப என்ன பண்ணப்போறீங்க?"

"நாளைக்கு சபையில சொல்லுவேன். திங்கக்கெழமை கம்பெனியில. போலீஸ் வந்தா வரட்டும்."

"பயமா இல்ல?"

அவர் உள்ளுக்குள் தேடிப் பார்த்தார். வெட்கம் இருந்தது, வலி இருந்தது, அந்த அம்மாவின் முகம் இருந்தது. பயத்தை மட்டும் காணோம். "இல்ல," என்றார். "ஆண்டவர் முகத்தை இப்ப பாக்க முடியுது."

"என் முகத்தைப் பாக்காதீங்க. உங்களைப் பாத்தாலே பத்திக்கிட்டு வருது எனக்கு."

"வரட்டும்," என்றார்.

தம்பி வெளியே வந்ததும் அவன் கையைக் கோத்துக்கொண்டு அவள் முன்னால் நடந்தாள். இவர் பத்தடி தள்ளிப் போனார். அவள் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. பஸ் வந்தது. அக்காவும் தம்பியும் முன்னால் ஏறினார்கள், இவர் பின்படியில் தொற்றிக்கொண்டார்.

கண்டக்டர் வந்து எத்தனை பேர் என்று கேட்டார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

"மூணு," என்றாள்.