பாளையங்கோட்டையிலிருந்து படம் வரவில்லை

ஹைதராபாத் சைனிக்புரியில் அடுப்பில் பாலை வைத்துவிட்டு, பாளையங்கோட்டையில் அப்பா எழுந்துவிட்டாரா என்று போனில் பார்ப்பது என் காலை வழக்கம். கூடத்துச் சுவரில் உயரமாய் மாட்டிய கேமராவில் அவருடைய வழுக்கைத் தலையும் நாற்காலியின் கையும் தெரியும். அது போதும் என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டு வேலைக்குக் கிளம்புவேன். ஆயுத பூஜைக்கு மறுநாள் படம் வரவில்லை. திரை முழுக்க இருட்டு; மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

அம்மா இறந்துபோன மூன்றாம் மாதம் அப்பா குளியலறை வாசலில் விழுந்தார். பால்காரர் வந்து பார்க்கும்வரை அப்படியே கிடந்தார். ஹைதராபாத்துக்கு வந்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். வந்தார்; பத்தே நாள். அவர் தமிழில் கேட்டால் என் மகள் தெலுங்கில் பதில் சொல்வாள். "பேத்திகிட்டப் பேசவே ஒரு ஆளு வைக்கணும் போலுக்கே" என்று சிரித்தபடி டிக்கெட் எடுக்கச் சொல்லிவிட்டார். என் கையாலாகாத்தனத்துக்கு நான் கண்ட மருந்துதான் இந்தக் கேமரா.

இங்கே ஹப்சிகுடாவில் அதை விற்ற கடைக்காரரை அழைத்தேன். தசரா அன்றும் போனை எடுத்த புண்ணியவான். "கைக்கு டென்ஷன் லேரே மேடம்? லொகேஷன் பேஜ்தோ" என்றார். எதற்கு டென்ஷன், வீடு இருக்கும் இடத்தை அனுப்புங்கள் என்று. அனுப்பினேன். நகரத்துக்குள் ஏதோ ஒரு வீடு என்று நினைத்திருந்தார் போல. "இத்னா தூர்?" என்றார், இவ்வளவு தூரமா என்று. பிறகு பிளக்கைப் பிடுங்கி மாட்டச் சொன்னார், வைஃபையை அணைத்துப் போடச் சொன்னார். நான் போனில் சொல்லச் சொல்ல அப்பா ஒவ்வொன்றாகச் செய்தும் இருட்டுத்தான். சத்தம் வருகிறதே என்று கடைக்காரரிடம் சொன்னேன். லென்ஸில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா பாருங்கள் என்றார்.

அப்பாவிடம் கேட்டேன்.

"பொட்டு வச்சிருக்கேன்லா. உங்கம்மா கிரைண்டரு, சைக்கிளு, டிவி எல்லாத்துக்கும் வைப்பால்லா. இந்த வருசம் நான்தான வைக்கணும். அதுக்கும் நடுவுல வச்சேன்."

நடுவில் என்றால் லென்ஸில். கெட்டிச் சந்தனம், அதன்மேல் குங்குமம். துடைத்துவிடுங்கள் என்றேன். ஸ்டூலை இழுக்கும் சத்தம் கேட்ட பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. அவர் விழுந்தால் தெரியவேண்டும் என்று மாட்டிய கேமராவுக்காக அவரையே ஸ்டூலில் ஏற்றிக்கொண்டிருந்தேன். நேற்றும் அப்படித்தான் ஏறியிருப்பார். போனை எங்கோ வைத்துவிட்டார். கேமராவில் பேசும் பொத்தானை அழுத்தி, "வேண்டாம்ப்பா, இறங்குங்க" என்று கத்தினேன்.

"இரு, ஏறியாச்சு."

ஸ்டூல் கிறீச்சிட்டது. கேட்டுக்கொண்டு நிற்பதைத் தவிர என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

திரையில் மஞ்சளாய் ஏதோ இழுபட்டது. பிறகு அப்பாவின் முகம், திரை முழுக்க. இத்தனை மாதமும் நான் உச்சந்தலையைத்தான் பார்த்திருக்கிறேன். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கண்ணுக்குக் கீழே வீக்கம், பல நாள் தாடி. நல்லாத்தான் இருக்கேன் என்று தினமும் போனில் சொல்கிறவர் இவர்தான்.

"தெரியுதாம்மா?"

"தெரியுதுப்பா. மெதுவா இறங்குங்க."

அவர் இறங்கவில்லை. இன்னும் கிட்டத்தில் வந்து, தலையை இப்படியும் அப்படியும் சாய்த்து லென்ஸுக்குள் தேடினார்.

"எனக்கு உன்னையத் தெரியலயே" என்றார்.