தலை சுற்றாத லைன்மேன்

என் தம்பி அருணகிரியை ஓர் இடத்தில் உட்கார வைக்க எங்கள் வீட்டில் யாராலும் முடிந்ததில்லை. சோறு போட்டால் நின்றுகொண்டே சாப்பிடுவான். பாடம் படிப்பதும் வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டேதான். இப்போது எங்கள் திருவண்ணாமலையிலேயே காது மூக்கு தொண்டை டாக்டராக இருக்கிறான். "காது வலின்னு போனா, கண்ண மூடிக்கினு நில்லுன்றாரு. பஸ்ல தலை சுத்துமான்னு கேக்குறாரு. உங்க தம்பிக்கு இன்னா ஆச்சு?" என்று மார்க்கெட்டில் என்னையே நிறுத்திக் கேட்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவன் ஏன் அப்படி ஆனான் என்று இவர்களுக்கு என்ன தெரியும்?

எங்கள் அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். பலராமன் என்று பெயர். மின்வாரியத்தில் லைன்மேன். எவ்வளவு உயரக் கம்பமானாலும் விறுவிறுவென்று ஏறிவிடுவார். ஆனால் பஸ் மட்டும் மனுஷனுக்கு ஆகவே ஆகாது. ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் வாந்தி வந்துவிடும். அதனால் எங்கே போனாலும் கையில் ஓர் எலுமிச்சம்பழம் இருக்கும். அதை முகர்ந்துகொண்டே போவார்.

"கம்பத்துல சுத்தாத தலை பஸ்ல ஏன் நைனா சுத்துது?" என்று கிண்டல் செய்வேன்.

"கம்பம் ஒழுங்கா ஒரே எடத்துல நிக்குதேம்மா" என்பார்.

எழுபத்தொன்பதாம் வருஷம் அவருக்கு டி.பி. வந்தது. தினமும் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போட்டார்கள். மாதக்கணக்கில் வீட்டில் கிடந்தவர், வாசலில் நின்று எதிர்க் கம்பத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.  ஒருவழியாக இருமல் அடங்கி உடம்பு தேறியது. இன்னும் சில ஊசிகள் பாக்கி இருக்கும்போதே, திங்கட்கிழமை வேலைக்குப் போகிறேன் என்று கிளம்பிவிட்டார். அதற்கு முந்தின நாள் அண்ணாமலையார் கோயிலில் அங்கப்பிரதட்சணம் செய்வதாக வேண்டுதல். டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்த தம்பிக்கும் இதைக் கடிதத்தில் எழுதியிருந்தேன்.

அந்த வாரம்தான் மெட்ராஸில் அருணகிரிக்குக் காது பற்றிய வகுப்பு நடந்தது. அவனே பிறகு என்னிடம் சொன்னது இது. சுழல் நாற்காலியில் வைத்துச் சுற்றிக் காட்ட ஒரு மாணவன் வேண்டும் என்றாராம் புரொபசர். நம்மாள் சும்மா இருப்பானா? முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தான். சுற்றி நிறுத்தியதும் புரொபசரின் ஷூ மேலேயே வாந்தி எடுத்தான். நைனா பிள்ளையாச்சே! வகுப்பே விழுந்து விழுந்து சிரித்திருக்கிறது.

அடுத்து ஒரு நோயாளியை அதே நாற்காலியில் சுற்றினார்கள். அந்த ஆளுக்கு ஒன்றுமே ஆகவில்லை. பார்க் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் மாதிரி இருந்தார்.

"இவருக்குத் தலையே சுத்தாது. நாம விழாம நிக்கறதுக்குன்னு காதுக்குள்ள ஒரு உறுப்பு இருக்கு. அது இவருக்குச் செத்துப்போச்சு. ஸ்ட்ரெப்டோமைசின் சில பேருக்கு இப்படிப் பண்ணிடும். போனது திரும்பறது அபூர்வம்" என்றாராம் புரொபசர்.

அருணகிரிக்கு அதன்பிறகு அங்கே இருப்புக் கொள்ளவில்லை. லீவு சொன்னானோ இல்லையோ, பஸ் பிடித்து வந்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வீட்டுக்கு வந்து, யாரும் இல்லாததைப் பார்த்துவிட்டு நேரே கோயிலுக்கு ஓடி வந்தான். நைனா ஈர வேட்டியோடு பிரகாரத்தில் உருண்டுகொண்டிருந்தார். "அண்ணாமலையானுக்கு அரோகரா!" என்று நானும் அம்மாவும் கூடவே போய்க்கொண்டிருந்தோம்.

உருண்டு முடித்தவர்கள் எல்லாரும் எழுந்ததும் தலை சுற்றித் தூணைக் கட்டிக்கொள்வார்கள். நைனா எழுந்தார், கும்பிட்டார், நடந்தார். கால்களை மட்டும் கொஞ்சம் அகட்டி வைத்தார். ஈர வேட்டி தடுக்குகிறது என்று நினைத்தேன்.

"நைனா, தலை சுத்தலையா?" என்று அருணகிரி கேட்டான்.

"கொஞ்சங்கூட இல்லடா! சாமி புண்ணியம்!"

"பஸ்ல?"

"போன வாரம் போளூர் போய்ட்டு வந்தாரு. வாந்தியே எடுக்கல" என்றேன் நான். அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

என் தம்பி அப்படியே கல் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"இன்னாடா, நல்ல நாளும் அதுவுமா எழவு விழுந்தவன் மாதிரி உக்காந்துட்ட?" என்று அங்கேயே கத்தினேன்.  

வீட்டுக்கு வந்ததும் நைனாவைக் கூடத்தில் நிற்கச் சொன்னான். "காலைச் சேத்து வச்சுக்கோ. இப்போ கண்ண மூடு."

நைனா சிரித்துக்கொண்டே கண்ணை மூடினார். மூடியதுதான் தாமதம், சுவர் சாய்கிற மாதிரி அப்படியே சாய்ந்தார். அருணகிரி தாங்கிப் பிடித்தான். அம்மா "ஐயோ" என்று அலறினாள்.

"ஊசி பண்ண வேலை நைனா இது. இப்போ நீ கண்ணாலதான் விழாம நிக்கிற. ஊசிய மாத்தணும். நாளைக்கு நீ கம்பம் ஏறக் கூடாது."

நைனாவுக்கு வந்ததே கோபம்! "போடா! நான் இன்னா கண்ண மூடிக்கினா கம்பம் ஏறப் போறேன்?"

அருணகிரி அழுதுவிட்டான். "கரண்டு போன அப்புறந்தானே நைனா உன்னக் கூப்புடுவாங்க? ஊரே இருட்டாத்தானே இருக்கும்?"

 நைனா பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டு தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்தச் சாமி மேலேயே ஆத்திரமாக வந்தது.

மறுநாள் அருணகிரி ஆஸ்பத்திரி டாக்டரிடம் போய்ச் சொல்லி ஊசியை நிறுத்தி வேறு மருந்துக்கு மாற்ற வைத்தான். டி.பி. குணமாயிற்று. காதுக்குள் போனது மட்டும் திரும்பவில்லை. பகலில் நன்றாக நடப்பார். இருட்டினால் சுவரைப் பிடித்துக்கொள்வார். ஆபீசில் அவருக்கு டெலிபோன் பக்கத்தில் வேலை கொடுத்தார்கள். கரண்டு போனால் வரும் புகாரை எழுதிக்கொண்டு வேறு ஆளை அனுப்ப வேண்டும். நன்றாகத்தான் செய்தார். ஆனால் கம்பம் ஏறும் ஆளை வாசல்வரை வந்து அனுப்பிவிட்டு, அவன் திரும்பும்வரை அங்கேயே நிற்பாராம்.

அருணகிரி பட்டம் வாங்கிய அன்று நாங்கள் எல்லாரும் மெட்ராஸுக்கு பஸ்ஸில் போனோம். நைனா ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். அருணகிரி காலி சீட் இருந்தும் முன்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். செஞ்சி தாண்டியதும் நைனா சட்டைப் பையிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்தார்.

"உனக்குத்தான் இப்போ வாந்தி வர்றதில்லையே. இது எதுக்கு நைனா?" என்றேன்.

தம்பி திரும்பிப் பார்க்கிறானா என்று பார்த்துக்கொண்டார். பழத்தை மூக்கருகே வைத்தபடி, அவன் காதில் விழாமல் சொன்னார்.

"தலை சுத்தும்மா. ஒரு நாள் சுத்தும். அன்னிக்குக் கம்பம் ஏறிடுவேன்."