பதினொரு மணிக்கு வரும் சைராகுல்

“தாடை உள்ளே போகட்டும். இன்னும். இன்னும் கொஞ்சம். ரெட்டைத் தாடை விழுந்தா விழட்டும் வென்யேரா, இங்க யாரும் உன்னைப் போட்டோ எடுக்கல” என்று சொல்லிக்கொண்டே சைராகுல் இரண்டு விரல்களால் வென்யேராவின் மோவாயைப் பின்னுக்குத் தள்ளுகிறார். மணி பதினொன்றைத் தாண்டி இரண்டு நிமிடம். ஓஷ் நகர நில ஆவண அலுவலகத்தின் இரண்டாவது மாடியில் பத்துப் பெண்களும் ஓர் ஆணும் வரைபடங்களை மூடிவிட்டு, நாற்காலி நுனியில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

“இப்ப வலது பக்கம். மலை தெரியற வரைக்கும் திரும்பணும். பாதி மலையில நின்னுடாதீங்க, உச்சி வரைக்கும் போங்க.” ஜன்னலுக்கு வெளியே சுலைமான் மலை தெரிகிறது. இடது பக்கம் திரும்பினால் நகல் எடுக்கும் இயந்திரத்துக்கு மேலே தொங்கும் நாள்காட்டி. மலைக்கும் நாள்காட்டிக்கும் நடுவே பத்து முறை. பிறகு நெற்றியில் உள்ளங்கையை வைத்துத் தலை முன்னால் தள்ள, கை பின்னால் தள்ள, இரண்டும் விட்டுக்கொடுக்காமல் ஐந்து எண்ணும் வரை. கணவனோடு சண்டை போட்டுவிட்டு வந்தவர்கள் இதை நன்றாகச் செய்வார்கள் என்பது சைராகுலின் அனுபவம். கடைசியாகத் துணிப்பையிலிருந்து கம்பளி உருண்டைகள் வெளியே வரும். அவரே உருட்டிச் செய்தவை. அதை மோவாய்க்கு அடியில் வைத்து அழுத்த வேண்டும். “நசுக்காதே, பிடிச்சு வச்சுக்க. முட்டைன்னு நினைச்சுக்க.”

வயது அறுபத்து மூன்று. நகர மருத்துவமனையின் உடற்பயிற்சி அறையில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டில் உட்காரப் பிடிக்காமல் இப்போது அலுவலகம் அலுவலகமாகப் போகிறார். ஊருக்கு அவர் எஜே. அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். தன்னைவிட நாலு வயது மூத்த பெண்கள்கூட அவரை எஜே என்று கூப்பிடுவதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு, சொல்லிக்கொண்டதில்லை.

நல்ல உயரம். நீலப் பூப்போட்ட வெள்ளைத் தலைத்துணி அந்த உயரத்துக்கு இன்னும் இரண்டு அங்குலம் சேர்க்கும். கழுத்தை வளைத்து அவரை யாரும் பார்த்ததில்லை. கீழே பேனா விழுந்தால் முதுகு நேராக, தலை நேராக, முழங்காலை மடித்து இறங்கி எடுப்பார். செருப்பு வார் மாட்டக் காலைத்தான் முக்காலி மேல் தூக்கி வைப்பார், தலை காலிடம் போகாது. அவர் வாழ்க்கைப்பட்டு வந்தது மாமியார் இல்லாத வீடு. நாத்தனாருக்குச் சில நாள் குனிந்து வணங்கியதோடு சரி.

ஊரில் எல்லாருக்கும் கழுத்துவலிக்கு ஒரே காரணம்தான். காற்று. ஜூலை வெயிலில் தார் உருகும்போதும் ஜன்னலைச் சாத்திவிட்டு, ஆட்டுரோமத் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு வேலை செய்வார்கள். அந்த அறையின் ஒரே ஆண்பிள்ளை கனாத், வரைபடப் பிரிவின் தலைவர், வாரம் ஒருமுறை அதே பாட்டைப் பாடுவார்.

“எஜே, நேத்து டாக்ஸியில ஜன்னலோரம் உக்காந்துட்டேன். காத்து அடிச்சுப் பிடிச்சுக்கிச்சு.”

“காத்தா? காலையில ஒன்பது மணியிலேர்ந்து அந்த வரைபடத்துல மூக்கை வச்சுத் தேய்ச்சுக்கிட்டிருக்கியே, அங்கயும் காத்தா அடிக்குது?”

“எங்கம்மாவும் காத்துன்னுதான் சொல்றாங்க.”

“உங்கம்மாவுக்குப் பிள்ளை மேல பாசம். எனக்கு உன் கழுத்து மேல பாசம். துண்டைக் கழட்டு.”

தெருவிலும் அவர் பார்ப்பது முகங்களை அல்ல. மினிபஸ்ஸில் முன்னால் உட்கார்ந்து போனில் மூழ்கிக் கிடக்கும் முன்பின் தெரியாதவனின் பிடரியில் ஒரு தட்டுத் தட்டி, “நிமிருப்பா, மண்டை அஞ்சு கிலோ கனம், பாவம் அந்தக் கழுத்து” என்பார். சந்தையில் முலாம்பழக்காரியிடம் பேரம் பேசுவதற்கு முன் அவள் இடது தோள் ஏன் தூக்கியிருக்கிறது என்று கேட்பார். ஊரில் யாருக்கு எந்த எலும்பு எங்கே பிடித்திருக்கிறது என்பது அவருக்கு அத்துப்படி. தன் வீட்டு அடுப்படியில் ஐந்து வருடம் நின்ற ஒரு கழுத்து மட்டும் அவர் கண்ணில் படவில்லை.

அது மருமகள் சினாராவின் கழுத்து. மகன் எர்மெக்கைக் கட்டிக்கொண்டு வந்த ஆறாவது மாதமே அவளுக்கு இதே நில ஆவண அலுவலகத்தில் வேலை கிடைத்தது. அந்த ஜன்னலோர நாற்காலி, கால் ஆடி கிறீச்சிடுகிறதே, அது அவளுடையது. இருக்கிறவர்களில் இளையவள் என்பதால் தேநீர் ஊற்றும் வேலையும் அவளுடையது. பதினொரு மணிக்கு மாமியார் துணிப்பையோடு உள்ளே நுழைந்ததும் அவள் எழுந்து கெட்டிலை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவாள். தாழ்வாரத்தின் கோடியில் குழாய். தண்ணீர் பிடிக்க இரண்டு நிமிடம் போதும். அவள் இருபது நிமிடம் கழித்து வருவாள்.

மாமியார் எதிரில் மருமகள் கையை விரித்து, மார்பை நிமிர்த்தி, கழுத்தைச் சுழற்றலாமா? அந்த ஊரில் நல்ல குடும்பத்துப் பெண் செய்யமாட்டாள். சினாராவும் செய்யவில்லை. சைராகுல் அதைப் பார்த்து வருத்தப்பட்டிருக்க வேண்டும். அவரோ பூரித்துப்போனார். “பாத்தியா, என் முன்னாடி தோளுக்கு மேல கையத் தூக்கமாட்டா” என்று வென்யேராவிடம் பெருமையடித்துக்கொண்டார். வென்யேரா, “கொடுத்து வச்சவங்க எஜே நீங்க. எனக்கும் ஒண்ணு வாய்ச்சிருக்கே, எதிர்ல கால் மேல கால் போட்டு உக்காருது” என்று ஒத்து ஊதினாள்.

காலையில் முற்றம் பெருக்கி முடித்ததும் சினாரா வந்து முழங்காலில் கைகளை வைத்து மூன்று முறை குனிவாள். குனியும் மருமகளுக்குப் பெரியவர்கள் வாழ்த்துச் சொல்லியாக வேண்டும். “தழைச்சு வளரும்மா” என்பார் சைராகுல். தேநீர்க் கிண்ணத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொல்லிய காலைகள்தான் அதிகம். பிறகு அவள் அலுவலகம் போய் எட்டு மணி நேரம் வரைபடத்தின் மேல் குனிவாள். திரும்பி வந்து மாவு பிசையக் குனிவாள்.

ஒருநாள் எர்மெக்கின் மாமா விருந்துக்கு வந்திருந்தார். விரிப்பில் ரொட்டியும் பாதாமும் உலர்ந்த திராட்சையும் நிறைந்து கிடந்தன. சினாரா மரியாதைக்கு ஏற்றபடி அரைக் கிண்ணம் அரைக் கிண்ணமாகத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தவள், இடது கையிலிருந்த கிண்ணத்தை நழுவவிட்டாள். சூடான தேநீர் மாமாவின் மடியில்.

“கையில எண்ணெய் தடவிக்கிட்டு வந்தியா?” என்று கேட்டார் சைராகுல். எல்லாரும் சிரித்தார்கள். சினாராவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே வலது கையால் இடது கையைப் பிடித்துவிட்டுக்கொண்டாள். முப்பத்தோரு வருடம் கழுத்து நரம்பையே பார்த்துப் பிழைத்த ஒருத்திக்கு அதற்கு மேல் என்ன தடயம் வேண்டும்? அந்தச் சிரிப்பை நினைக்கும்போதெல்லாம் சைராகுல் இப்போதும் நின்ற இடத்தில் கண்ணை மூடிக்கொள்கிறார்.

எர்மெக்குக்குத் தலைநகரில் வேலை மாற்றலாகி இருவரும் பிஷ்கேக் போன பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. கழுத்தெலும்புக்கு நடுவே நரம்பு நசுங்கியிருக்கிறது, மூன்று வருடமாவது ஆகியிருக்கும் என்று அங்கே டாக்டர் சொன்னார். எர்மெக் போனில் சொன்னபோது அவன் குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. இருந்திருந்தால்கூடத் தேவலை.

“பயப்படாதீங்க அபா” என்றான். அங்கே பிள்ளைகளும் மருமகள்களும் அம்மாவைக் கூப்பிடுவது அப்படித்தான். “இங்க ஒருத்தங்க பயிற்சி சொல்லிக் குடுக்கறாங்க. கை தேவலையாயிட்டு வருது. நீங்க சொல்ற அதே பயிற்சிதான். அந்தக் கம்பளி உருண்டைக்குப் பதிலா ரப்பர் பந்து, அவ்வளவுதான் வித்தியாசம்.”

போனை வைத்துவிட்டு சைராகுல் கம்பளி உருண்டைகளை எல்லாம் பையிலிருந்து கொட்டி, ஒவ்வொன்றாகத் துவைத்துக் காயப்போட்டார். அவை அழுக்காகவே இல்லை.

வசந்தப் பண்டிகைக்கு இருவரும் வந்தபோது அவர் ஒரு முடிவோடு காத்திருந்தார். வாசலில் சினாரா முழங்காலில் கை வைத்ததும் பாய்ந்து தோளைப் பிடித்து, “வேண்டாம்மா, குனியாதே” என்றார். உள்ளே உட்கார்ந்திருந்த சைராகுலின் நாத்தனார் கல்பூபுவுக்கு அது போதும்.

“மருமக வணக்கத்தையே வாங்கிக்கமாட்டியா? அப்படி என்னடீ தப்புப் பண்ணிட்டா அவ?”

“தப்பு இல்ல அக்கா, அவ கழுத்து...”

“என் கழுத்தும்தான் வலிக்குது. நான் குனியலையா?”

சினாராவின் முகம் வெளுத்துவிட்டது. வணக்கத்தை ஏற்காத மாமியார் என்றால் மனசில் கோபம் வைத்திருக்கிற மாமியார் என்றுதான் அவளுக்குச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். அடுப்படிக்குள் போய் மாவைப் பார்த்து அழுதாள். சைராகுல் பின்னாலேயே போய் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். எல்லாவற்றுக்கும், “சரிங்க அபா” என்ற ஒரே பதில். நல்லது செய்யப் போய் அதையும் கெடுத்து வைத்தேனே என்று அன்று முழுக்க அவர் தன்னையே நொந்துகொண்டார்.

இந்த ஜூலையில் சினாரா ஆறுமாதக் கைக்குழந்தையோடு ஒரு மாதம் தங்க வந்திருக்கிறாள். குழந்தை பிறந்ததிலிருந்து பயிற்சி நின்றுபோய், கை மறுபடி மரத்துப்போகத் தொடங்கியிருக்கிறது. இந்த மாதமும் விட்டுவிட்டால் கழுத்தைக் கீறத்தான் வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருக்கிறார். இப்போது சைராகுலுக்கு எல்லாம் தெரிகிறது. குழந்தையை அவள் வலது இடுப்பிலேயே வைத்துக்கொள்வது தெரிகிறது. பாதிக்கு மேல் நிரம்பிய பாத்திரத்தை இடது கை தொடாமல் விலகுவது தெரிகிறது.

“வந்து உக்காரும்மா, பத்து நிமிஷம் செய்வோம்.”

“சரிங்க அபா. இந்தப் பாத்திரத்தை முடிச்சிட்டு வந்துடறேன்.”

அந்தப் பாத்திரங்கள் பன்னிரண்டு நாளாக முடியவே இல்லை.

பதின்மூன்றாம் நாள் வென்யேரா, குழந்தையை எங்கள் கண்ணில் காட்டமாட்டீர்களா என்று போனில் கத்தினாள். மாமியாரும் மருமகளும் சேர்ந்தே அலுவலகம் போனார்கள். குழந்தை மடி மாறி மடி மாறிக் கனாத்திடம் போனதும் வீறிட்டது. சினாரா வாங்கித் தட்டித் தூங்கவைத்து, பழைய கோட்டுகளை மெத்தையாக்கி மேஜை மேல் கிடத்தினாள். கனாத் அசடு வழிந்துகொண்டு பதிவேடு எடுக்கிற சாக்கில் வெளியே போய்விட்டார். சினாரா தன் பழைய ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தாள். நாற்காலி கிறீச்சிட்டது. “இன்னும் இதை மாத்தலையா?” என்று அவள் சிரித்தாள். அங்கே வேலை பார்த்த காலத்தில்கூட சைராகுல் அந்தச் சிரிப்பைக் கேட்டதில்லை.

மணி பதினொன்று. சைராகுல் துணிப்பையைத் திறந்தார். சினாரா எழுந்தாள். இரண்டு வருடத்து இடைவெளி அந்தக் கால்களுக்குத் தெரியவில்லை. நேரே போய் வலது கையால் கெட்டிலை எடுத்துக்கொண்டு கதவைப் பார்த்து நடந்தாள்.

சைராகுல் குறுக்கே போய் நின்று கெட்டிலின் கைப்பிடியைப் பிடித்தார்.

“குடு.”

“அபா, நான் போறேன். நீங்க தண்ணி பிடிக்கறதா? பாக்கறவங்க என்ன சொல்வாங்க?”

“மாமியாருக்குத் தாகம்னு சொல்வாங்க. நீ போய் உக்காரு.” கைப்பிடியை அவர் விடவில்லை. திரும்பி, “வென்யேரா, நீ நடத்து. பத்து வருஷமா பாக்கறியே, தெரியாதா? எண்ணிக்கை மட்டும் நான் வெளியிலேர்ந்து சொல்றேன். நீ எண்ணினா அஞ்சுக்கு மூணு சொல்லி ஏமாத்துவே” என்றார்.

வெளியே வந்து கதவைச் சாத்திக்கொண்டார். குழாய்ப் பக்கம் போகவில்லை. காலிக் கெட்டிலோடு கதவில் முதுகைச் சாய்த்து நின்று, உள்ளே கேட்கும்படி, “தாடை உள்ளே. ஒண்ணு. ரெண்டு” என்று தொடங்கினார். மலைக்கு ஒரு முறை, நாள்காட்டிக்கு ஒரு முறை. உள்ளே மற்ற நாற்காலிகள் அசைந்தன. ஆடும் கால் நாற்காலியின் சத்தம் மட்டும் வரவில்லை.

“இப்ப ரெண்டு கையும் மேல” என்றாள் வென்யேரா உள்ளே. “சினாரா, தூக்கு. என்ன பயம்? அதான் அவங்க போயிட்டாங்களே.”

“போகல எஜே” என்று சினாரா வென்யேராவிடம் தணிந்த குரலில் சொல்வது கதவு வழியே கேட்டது. “கண்ணாடியில தலைத்துணி தெரியுது.”

கதவின் மேல்பாதி கண்ணாடி. அதை அவர் யோசிக்கவில்லை. ஒரு கணம் திரும்பிப் பார்க்கப் போனவர், பார்க்காமல் நிறுத்திக்கொண்டார். பதிவேட்டுக் கட்டோடு தாழ்வாரத்தில் வந்த கனாத், “என்ன எஜே, வெளியே நிக்கறீங்க? உள்ள காத்து அடிக்குதா?” என்று கேட்டார். சைராகுல் உதட்டில் விரலை வைத்தார்.

பிறகு தலைத்துணி கண்ணாடிக்குக் கீழே இறங்கும்படி முழங்காலைக் கொஞ்சம் மடித்து, முதுகை வளைத்து, மோவாய் மார்பில் படும்வரை தலையைக் குனிந்துகொண்டார். கெட்டிலை இரண்டு கைகளாலும் முழங்காலின் மேல் பிடித்திருந்தார். உள்ளே ஜன்னலோரத்து நாற்காலி கிறீச்சிட்டது.

“மூணு” என்றார் அவர், குனிந்தபடியே.