பெயரைச் சொல்லாமல் வாஷர் விற்பது எப்படி

சித்தி செய்வது மிக்ஸி ஜார் மூடிக்குள் போடும் ரப்பர் வாஷர். பின்னறையில் ரப்பரை அச்சில் வார்க்கும் இயந்திரம், முன்னறையில் இணையக் கடை. ஒவ்வொரு புது அச்சுக்கும் ஒரு பரீட்சை உண்டு. ஜாரில் தண்ணீர் நிரப்பி, வாஷர் போட்டு மூடி, சித்தப்பாவின் தலைக்கு மேல் கவிழ்ப்பாள். தலை நனையாவிட்டால் வாஷர் விற்பனைக்குப் போகும்.

"குடையைப் பிடிச்சுக்கிட்டே உக்காரட்டுமா?" என்பார் சித்தப்பா.

"குடை பிடிச்சா எனக்கு எப்படிங்க தெரியும்?"

இந்தக் கடையை நம்பித்தான் அவள் தையல் ஆலை வேலையை விட்டாள். அங்கே தண்ணீர் குடிக்க எழுந்தால்கூட மேஸ்திரியிடம் கேட்க வேண்டும். திரும்பிப் போவதைவிடச் சும்மா இருப்பேன் என்பாள். சும்மா இருக்க அவளால் முடியாது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அந்தக் கடைக்குத்தான் ஆபத்து வந்தது. அதிகம் விற்றது 'சுழலி' மிக்ஸிக்கான வாஷர். தன் பெயரைப் போட்டு விற்கிறோம் என்று அந்தக் கம்பெனி புகார் செய்ய, எங்கள் கடை இருக்கும் இணைய விற்பனைத் தளம் அந்த விளம்பரத்தை நீக்கிவிட்டது. இன்னொரு புகார் வந்தால் கடையையே மூடிவிடுவோம் என்றது.

"ஏய் பட்டதாரி, இங்க வாடி!" என்று போனில் கத்தினாள் சித்தி. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவள் நான் ஒருத்திதான். பல் வலி முதல் வரி பாக்கி வரை எல்லாம் எனக்குத் தெரியும் என்று நம்புகிறார்கள். படித்தது வணிகவியல் என்றால் யார் கேட்கிறார்கள்?

பயத்தில் நான் செய்த முதல் காரியம், 'சுழலி' என்ற சொல்லைக் கடை முழுக்கத் தேடி அழித்ததுதான். 'தரமான மிக்ஸி வாஷர்' என்று பொதுவாகப் போட்டேன். பாதுகாப்பு என்று நினைத்தேன். கோழைத்தனத்துக்கும் அதே முகம்தானோ என்னவோ.

கண்ட மிக்ஸிக்காரர்களும் வாங்கினார்கள். பொட்டலங்கள் போன வேகத்தில் திரும்பி வந்தன. ஒரு அம்மா போன் போட்டார்.

"உங்க வாஷர் என் ஜாருக்குள்ள தொப்புனு விழுந்துருச்சும்மா. சட்னியோட சேர்த்து அரைச்சிட்டேன்!"

சித்தி போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "எதுக்குப் பொருந்தும்னு சொல்லாம வித்தா, செருப்பை அளவு சொல்லாம விக்கிற மாதிரிதான். இப்படியே திரும்பி வந்தா அதுக்கும் கடையைச் சாத்துவாங்கடி."

அதன் பிறகுதான் தளத்தின் விதிகளை முழுதாகப் படித்தேன். முதலிலேயே படித்திருக்க வேண்டாமா? இன்ன பொருளுக்குப் பொருந்தும் என்று சொல்ல இன்னொருவர் பெயரைத் தேவையான அளவு சொல்லலாம். நம் பொருளே அவர்களுடையது என்று வாங்குபவர் நினைக்கும்படி மட்டும் சொல்லக் கூடாது.

தளம் நீக்கிய பழைய விளம்பரத்தின் நகலைத் திறந்தேன். தலைப்பு 'சுழலி வாஷர்'. படத்தில் கம்பெனி முத்திரை பளபளக்க ஒரு ஜார். அதன் வாயோரம் கறுப்பு நூல் போல எங்கள் வாஷர்.

"இதுல எது சித்தி நம்ம சரக்கு?"

"கச்சிதமா உக்காந்திருக்குன்னு காட்டத்தானே எடுத்தேன்? முத்திரையை எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்ச்சேன் தெரியுமா!"

"அவங்களுக்கு இலவசமா விளம்பரம் பண்ணி, அவங்ககிட்டயே திட்டும் வாங்கியிருக்கா உங்க சித்தி," என்றார் சித்தப்பா.

வாஷரை மட்டும் வெள்ளைத் துணிமேல் வைத்துப் படம் எடுத்தோம். தலைப்பில் எங்கள் கடைப் பெயர் முன்னால் வந்தது. பின்னால் 'சுழலி பெரிய ஜாருக்குப் பொருந்தும்'. அதன் கீழே, 'இது சுழலி கம்பெனியின் தயாரிப்பு அல்ல' என்று எழுதினேன்.

சித்திக்கு முகம் சுருங்கியது. "நம்ம வாயாலயே அல்லன்னு சொல்லணுமா? யாருடி வாங்குவா?"

'நாங்களே செய்தது' என்று அடுத்த வரியைச் சேர்த்து, தளத்துக்கு விளக்கமும் அனுப்பினேன்.

இரண்டு நாளில் அனுமதி வந்தது. மறுநாள் ஒருவர் கேள்வி கேட்டிருந்தார்: 'நீங்கள் சுழலி கம்பெனிக்காரர்களா?'

நான் பதிலை யோசிப்பதற்குள் சித்தி விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஒற்றை விரலால் தட்டினாள்: 'இல்லைங்க. ஆனா உங்க ஜார் வாய் எனக்கு அத்துப்படி.'

அவர் மூன்று வாஷர் கேட்டார். சித்தி பின்னறைக்கு ஓடி இயந்திரத்தைப் போட்டாள்.